காணாத சிவப்பும் வைதீகர் வாதமும்

பகுத்தறிவுக் கூட்டங்களில் வைதீகர்கள் எழுந்து கேட்கும் கேள்விகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம், "காற்றைக் கண்ணால் பார்த்ததுண்டா? பார்க்காத காற்றை நம்புகிறவர்கள் பார்க்காத கடவுளை நம்பினால் என்ன?" என்பார்கள். காற்று மேலே படுகிறது, துருத்தியில் அடைபடுகிறது, தராசில் நிறுத்தால் எடை காட்டுகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளே பதில் சொல்ல ஆரம்பித்த பிறகு, அந்தக் கேள்வியை மூட்டை கட்டி வைத்துவிட்டு இப்போது வானத்துக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். "நெபுலா என்று சொல்லிச் சிவப்புச் சிவப்பாய்ப் படம் போடுகிறீர்களே, அந்தச் சிவப்பை உங்களில் எவராவது கண்ணால் கண்டதுண்டா? கருவி காட்டினால் நம்புவீர்கள், ரிஷி காட்டினால் நம்பமாட்டீர்களா? உங்களுக்குக் காமிரா, எங்களுக்கு ஞானக்கண். இரண்டும் ஒன்றுதானே" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பெரிய கோட்டையைப் பிடித்துவிட்டவர்கள்போல் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், நம்மவர்களிலேயே சிலர் இதற்குப் பதில் தெரியாமல் விழிக்கிறார்கள். வேறு சிலர், "ஆமாம், அந்தப் படமெல்லாம் சாயம் பூசினதுதான், கண்ணால் காண்பது ஒன்றே மெய்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்ட வைதீகரைவிட இந்தப் பதில் சொல்லுகிறவர்களால்தான் பகுத்தறிவுக்கு அதிகக் கெடுதி. ஆதலால் விஷயத்தை அடியிலிருந்தே பார்ப்போம்.

நெபுலா என்பது என்ன? நட்சத்திரங்களுக்கு இடையில் கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். அதில் பெரும்பாகம் ஹைட்ரஜன். பழைய புஸ்தகங்களில் ஜலவாயு என்று எழுதியிருக்குமே, அதுவே. அந்த மேகத்துக்குள்ளோ பக்கத்திலோ மிகுந்த சூடுள்ள நட்சத்திரம் ஒன்று இருந்தால், அதிலிருந்து வரும் ஊதாவுக்கு அப்பாற்பட்ட ஒளி ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எறிந்துவிடுகிறது. பிய்ந்துபோன எலெக்ட்ரான் மறுபடியும் ஓர் அணுவில் வந்து சேர்ந்து, மாடிப்படியில் இறங்குவதுபோல் படிப்படியாக இறங்குகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு சிவப்பு ஒளியை விடுகிறது. எந்த ஊர் ஹைட்ரஜனானாலும், எந்த ஜாதி ஹைட்ரஜனானாலும், அந்தப் படியில் இறங்கினால் அந்தச் சிவப்புத்தான். இப்படித் தானே ஒளிவிடும் மேகங்களுக்கே உமிழ்வு நெபுலா என்று பெயர்.

அப்படியானால் அந்தச் சிவப்பு நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? குற்றம் மேகத்தினுடையது அல்ல, கண்ணினுடையது. இருட்டில் நமக்குப் பார்வை தருகிற நரம்பணுக்கள் வேறு, பகல் வெளிச்சத்தில் நிறம் காட்டுகிற நரம்பணுக்கள் வேறு. இருட்டுக்குரியவை ஏறக்குறைய 507 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மையாய் வேலை செய்யும். 656 என்னும் சிவப்பில் அவை கிட்டத்தட்டக் குருடு. அன்றியும், கண் சேமித்து வைக்கத் தெரியாத உறுப்பு. ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்தாலும் முதல் விநாடியில் தெரிந்ததைவிட அதிக வெளிச்சம் அதில் சேராது. காட்டில் உயிர் பிழைக்கவும், பழம் பறிக்கவும், எதிரே வருகிறவன் முகத்தைத் தெரிந்துகொள்ளவும் அமைந்த கண், ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள வாயுவைக் காட்டவில்லை என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

காமிராவும் அதைக் காட்டுவதில்லை என்பதே இன்னும் வேடிக்கையான சங்கதி. கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் காமிராவுக்குள் இருக்கும் சென்சார் என்னும் சிலிக்கன் தகடு இந்தச் சிவப்பை நன்றாகவே உணரக்கூடியது. அதோடு, நமது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் உணரும். அப்படியே விட்டால் கல்யாணப் போட்டோவில் மணமக்கள் முகம் நாம் பார்க்கும் நிறத்தில் விழாது. ஆகவே காமிரா செய்கிறவர்கள் அந்தத் தகட்டுக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடியை ஒட்டிவிடுகிறார்கள். அது அகச்சிவப்பைத் தடுப்பதோடு நிற்காமல், நெபுலாவின் 656.3 சிவப்பிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை மாத்திரம் உள்ளே விட்டு மற்றதை வெட்டிவிடுகிறது. அதாவது, காமிராவையும் நம் கண்ணைப்போலவே குருடாக்கி, "பார், நீ காண்பதையே இதுவும் காண்கிறது, எவ்வளவு உண்மையான படம்!" என்று நமக்கு விற்கிறார்கள்.

இந்தக் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அகச்சிவப்பை மாத்திரம் தடுத்து நெபுலாவின் சிவப்பை அநேகமாய் முழுதும் விடுகிற வேறு கண்ணாடியைப் பொருத்துவதையே காமிராவை மாற்றியமைப்பது என்கிறோம். இதில் மந்திரமும் இல்லை, உபதேசமும் இல்லை. சிறிய திருப்புளியும், தூசியில்லாத மேஜையும், நடுங்காத கையும் வேண்டும். வெறுமனே கழற்றிவிட்டுச் சரியான கனமுள்ள கண்ணாடியைப் போடாமல் விட்டால் குவியம் இடம் மாறிப்போகும் என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவே. பெரிய கம்பெனிகளே இப்படிப்பட்ட காமிராக்களைச் செய்து விற்றதும் உண்டு. கானன் கம்பெனி 2005, 2012, 2019 ஆகிய வருஷங்களிலும், நிக்கான் கம்பெனி 2015-லும் வானத்துக்கென்றே இந்தக் கண்ணாடியை மாற்றிய காமிராக்களை வெளியிட்டன.

இனி வேலையின் சிரமத்தைப் பார்ப்போம். ஞானக்கண்ணையும் காமிராவையும் ஒரே தட்டில் வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 60 முதல் 80 மில்லிமீட்டர் வரை வாயகலமுள்ள ஒரு சின்னத் தூரதிருஷ்டிக் கண்ணாடி போதும். ஆனால் பூமி சும்மா இருப்பதில்லை. மணிக்கு 15 பாகை வீதம் அது சுற்றுவதால் வானம் நழுவிக்கொண்டே போகும். அந்த நழுவலுக்குச் சரியாக எதிர்ப்பக்கம் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே வரும் ஒரு பீடம் வேண்டும். அந்தப் பீடத்தின் அச்சு வானத்தின் துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். நமது நாட்டில் துருவ நட்சத்திரம் கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்திலும், சென்னையில் 13 பாகை உயரத்திலுந்தான் நிற்கிறது. ஒரு வேப்பமரமோ பக்கத்து வீட்டு மாடியோ அதை மறைத்துவிடும். அதற்கு இடம் தேடி, குவியத்தை மயிரிழை பிசகாமல் வைத்து, மூன்று மூன்று நிமிஷமாக நூறு படம் எடுத்தால் ஐந்து மணி நேர ஒளி சேரும்.

நூறு படம் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். ஒரு படத்தில் மேகத்தின் ஒளியும் இருக்கும், சென்சாரின் தாறுமாறான புள்ளிகளும் இருக்கும். எது மெய், எது பொய் என்று அதில் தெரியாது. ஆனால் பொய்ப் புள்ளி ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் வரும். மெய்யான ஒளியோ நூறு படத்திலும் அதே இடத்தில் வரும். நூறையும் அடுக்கிச் சராசரி பார்த்தால் பொய் பத்தில் ஒன்றாகக் குறையும், மெய் அப்படியே நிற்கும். நூறு சாட்சிகளை விசாரித்தால் பொய்ச்சாட்சி ஒருவனுக்கொருவன் முரண்பட்டுப் போவான், மெய்ச்சாட்சி மாத்திரம் ஒத்துப்போவான் என்பதே இதன் தத்துவம்.

அத்தோடும் விடுவதில்லை. கண்ணாடியின் வாயை மூடிவிட்டு, அதே சூட்டில் அதே நேரத்துக்கு இருட்டையே படமெடுக்கிறார்கள். எதற்கு? ஒன்றுமே இல்லாதபோதும் கருவி எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு, அதைக் கழிப்பதற்கு. ஒரே சீரான வெளிச்சத்தையும் படமெடுக்கிறார்கள். எதற்கு? கண்ணாடியில் ஒட்டின தூசியின் நிழலை வானத்தின் மேகம் என்று நம்பி ஏமாறாமலிருப்பதற்கு. வைதீகர்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் ஞானக்கண்ணை மூடி வைத்துவிட்டு, "ஒன்றும் இல்லாதபோது இது எதைக் காட்டுகிறது?" என்று எந்த ரிஷியாவது, எந்தச் சாமியாடியாவது, எந்தக் குறிசொல்லியாவது ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்ததுண்டா? தன் கருவியையே முதலில் சந்தேகிப்பவனும், தன் கருவியைச் சந்தேகிப்பதே பாவம் என்பவனும் ஒன்றாகிவிடுவார்களா?

நிற்க. ஞானக்கண்காரர்களுக்கும் காமிராக்காரர்களுக்கும் உள்ள அடுத்த வித்தியாசம், தப்பு என்று தெரிந்தால் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இதற்குச் சரித்திரத்திலேயே நல்ல திருஷ்டாந்தம் இருக்கிறது.

1864-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி, லண்டனுக்கடுத்த டல்ஸ் ஹில் என்னுமிடத்தில் தமது சொந்த வீட்டில் வானம் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர், டிராகோ மண்டலத்திலுள்ள ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரத்தைப்போல் வானவில் வரிசையாக வராமல், தனித்தனிக் கோடுகளாக வந்தது. அதிலிருந்தே அது நட்சத்திரக் கூட்டமல்ல, ஒளிரும் வாயு என்று தெரிந்தது. ஆனால் பிரகாசமான ஒரு பச்சைக் கோடு பூமியில் தெரிந்த எந்தப் பொருளின் கோட்டோடும் பொருந்தவில்லை. ஆகவே இது வானத்தில் மாத்திரம் இருக்கும் புதுப் பொருள் என்று எண்ணி, பின்னர் அதற்கு நெபுலியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இதே மாதிரி 1868-ல் சூரியனிடத்தில் ஒரு கோட்டைக் கண்டு ஹீலியம் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1895-ல் அந்த ஹீலியம் பூமியிலேயே கிடைத்துவிட்டது. நெபுலியம் மாத்திரம் கிடைக்கவேயில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் தேடினார்கள். கடைசியாக 1927-ல் ஐரா போவன் என்னும் அமெரிக்கர், அது புதுப் பொருளே அல்ல, இரண்டு எலெக்ட்ரானை இழந்த சாதாரணப் பிராணவாயுவே, அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள முடியாத அளவுக்கு மிக மெலிந்த வாயுவில்தான் அந்த ஒளி வெளிப்படும், அதனால்தான் நமது சோதனைக் கூடங்களில் அது தென்படவில்லை என்று கணக்குப்போட்டுக் காட்டினார். அதோடு நெபுலியம் தீர்ந்தது. அதற்கு யாராவது கோயில் கட்டியிருந்தார்களா? நெபுலியத்தை மறுத்தவன் நரகத்துக்குப் போவான் என்றார்களா? நெபுலிய மடம் என்று ஒன்று இருந்து, அதற்கு மானியம் விடப்பட்டிருந்ததா? ஒன்றுமில்லை. தப்பென்று தெரிந்த மறுநாளே விட்டுவிட்டார்கள். ஹீலியமும் நெபுலியமும் பிறந்தபோது ஒரே மாதிரிதான் பிறந்தன. இரண்டையும் ஒரே சோதனையில் நிறுத்தி, ஒன்றைக் கொண்டார்கள், மற்றொன்றைத் தள்ளினார்கள். நமது நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷமாய் எத்தனை நெபுலியங்கள் நைவேத்தியம் வாங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவது வித்தியாசம், யார் பார்க்கலாம் என்பது. ஞானக்கண் பெறுவதற்குப் பிறப்பு வேண்டும், குலம் வேண்டும், குரு கடாட்சம் வேண்டும், பூர்வ ஜென்ம புண்ணியம் வேண்டும். காமிராவுக்கு இவை ஒன்றும் வேண்டாம். அமெரிக்காவில் நாஷ்வில் என்னும் ஊரில் 1857-ல் பிறந்த எட்வர்டு எமர்சன் பார்னார்டு என்பவர் தகப்பனில்லாத பரம ஏழை. ஒன்பதாம் வயதில் ஒரு போட்டோக் கடையில் கூலிக்குச் சேர்ந்தார். படத்தைப் பெரிதாக்கும் ஒரு பெரிய கருவியைச் சூரியன் நகர நகர அதன் பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அந்தப் பையன்தான் பின்னால் உலகப் பிரசித்தி பெற்ற வானநூலறிஞனாகி, 1894-ல் ஒரு சின்ன லாந்தர் லென்ஸைக் கொண்டு ஓரியன் மண்டலத்தைப் படமெடுத்து, அதைச் சுற்றி வளைந்து கிடக்கும் மகா பெரிய ஒளிவளையத்தைக் காட்டினார். இன்றைக்கும் அது பார்னார்டு வளையம் என்றே வழங்குகிறது.

ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியமினா பிளெமிங் என்னும் பெண், அமெரிக்காவுக்கு வந்த இடத்தில் கர்ப்பிணியாயிருக்கும்போது புருஷனால் கைவிடப்பட்டு, ஹார்வார்டு வானிலையத் தலைவரான பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாய் இருந்தவர். பிறகு அதே நிலையத்தில் போட்டோத் தகடுகளைப் பரிசோதிக்கும் வேலைக்கு வந்து, 1888-ல் ஒரு தகட்டிலே ஒளிமேகத்துக்கு எதிரே இருட்டாய்த் தெரிந்த ஓர் உருவத்தைக் கண்டுபிடித்தார். இன்று குதிரைத் தலை நெபுலா என்று உலகமெல்லாம் படமெடுக்கிறார்களே, அது அந்த அம்மாள் கண்டது. ஆனால் பிறகு வந்த அட்டவணையில் அவர் பெயரைப் போடாமல் "பிக்கரிங்" என்று மாத்திரம் போட்டார்கள். விஞ்ஞானத்தைச் செய்கிறவர்களும் மனிதர்கள்தான், ஆணாதிக்கம் அங்கேயும் புகுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தகடு பொய் சொல்லவில்லை. ஆண்மக்கள் அட்டவணையில் மறைத்ததைப் பின்னால் வந்தவர்கள் ஆதாரத்தைப் புரட்டிப் பார்த்து வெளியில் எடுத்துவிட்டார்கள். பெண்ணுக்கும் சூத்திரனுக்கும் வேதத்தை மறுத்த சாஸ்திரங்களிலே இப்படிப் புரட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வழி எங்கே இருக்கிறது?

இந்த ஓரியன் மண்டலத்தை நாம் விடாமல் சொல்லுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது நமது பஞ்சாங்கக்காரர்களுடைய சொந்த நிலம். ஓரியனின் தலையாக உள்ள மங்கலான நட்சத்திரத்தையே மிருகசீரிடம் என்கிறார்கள். தோளில் செம்மையாய் மின்னுவதே திருவாதிரை. மிருகசீரிடத்தில் பிறந்தவன் இப்படி இருப்பான், திருவாதிரையில் பிறந்தவளை இப்படிப்பட்ட இடத்தில் கொடுக்கலாகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தட்சணை வாங்கியிருக்கிறார்கள். மாற்றியமைத்த காமிராவை அந்தத் தலையின் பக்கம் திருப்பிச் சில மணி நேரம் ஒளி சேர்த்தால் என்ன தெரிகிறது? மிருகசீரிடத்தைச் சுற்றிச் சந்திரனைப்போல் பத்து மடங்குக்கு மேல் அகலமுள்ள சிவப்பு வட்டம் ஒன்று தெரிகிறது. அந்த நட்சத்திரத்தின் சூட்டினாலேயே ஒளிரும் ஹைட்ரஜன் மேகம் அது. இவ்வளவு பெரிய பொருள் அந்த நட்சத்திரத்தின் வீட்டு வாசலிலேயே கிடக்கும்போது, அந்த நட்சத்திரத்தின் குணதோஷங்களையெல்லாம் அறிந்ததாகச் சொன்ன எந்த ஞானக்கண்ணுக்காவது அது தெரிந்ததா? தெரிந்திருந்தால் எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?

2019-ம் வருஷக் கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரி மாதம் தன் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. பின்பு சில மாதத்தில் பழைய நிலைக்கு வந்தது. அந்த நட்சத்திரம் வெளியே தள்ளின வாயு குளிர்ந்து தூசியாகி முன்னால் நின்று மறைத்ததென்று 2021-ல் ஆராய்ச்சியாளர் விளக்கினர். ஜோசியர்களை நாம் கேட்பது இதுதான். திருவாதிரையில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோன அந்த மாதத்தில், திருவாதிரைக்காரர்களுடைய பலனிலும் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துக்கொண்டீர்களா? அல்லது வாங்கின தட்சணையிலாவது மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

இனி நம்மவர்களுக்குச் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. "கண்ணால் கண்டதையே நம்புவேன்" என்பதைப் பகுத்தறிவுக்கு அடையாளமாக மேடையில் பேசுவதை நமது தோழர்கள் விட்டுவிட வேண்டும். அது பகுத்தறிவு அல்ல. கண்ணால் கண்டேன் என்றுதான் பேயாட்டுகிறவனும் சொல்லுகிறான். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுவதைக் கண்ணால்தான் காண்கிறோம். கண் ஒரு சாட்சி, நீதிபதி அல்ல. நாம் கேட்க வேண்டியது "கண்டாயா?" என்பதல்ல. "எப்படிக் கண்டாய்? நானும் அப்படியே செய்தால் எனக்கும் தெரியுமா? நீ வேண்டாத இன்னொருவன் செய்தாலும் தெரியுமா? தெரியாவிட்டால் உன் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்வாயா?" என்பவையே. இந்த நான்கு கேள்விக்கும் ஒரு சின்னக் காமிராக்காரன் அஞ்சாமல் பதில் சொல்லுவான். உலகத்து ரிஷிகள் எல்லாரையும் கூட்டி வைத்தாலும், இதில் ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் வராது.

ஆனால் இந்தப் பெருமை நமக்குச் சும்மா நிலைக்காது. படமெடுக்கிறவர்கள் யோக்கியமாய் நடந்துகொண்டால்தான் நிலைக்கும். 1995-ல் ஹப்பிள் என்னும் வானத் தூரதிருஷ்டி எடுத்த தூண்கள்போன்ற மேகங்களின் படம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. அதில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், பிராணவாயுவுக்கு நீலமும் வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. தேசப்படத்தில் ஜில்லாவுக்கு ஜில்லா வேறு நிறம் பூசுவதுபோல், அதில் மோசம் ஒன்றுமில்லை. ஆனால் அப்படிச் செய்தோம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல், "இதுதான் வானத்தின் நிறம்" என்று பாமர ஜனங்களிடம் காட்டினால், அது கோயில் விக்கிரகத்துக்கு எண்ணெய் தடவிவிட்டு வியர்க்கிறது என்று சொல்லும் பித்தலாட்டத்துக்கு எந்த விதத்தில் குறைந்தது?

இன்னும் இக்காலத்தில் கம்ப்யூட்டரே இல்லாததைக் கற்பனை செய்து வரைந்து கொடுக்கும் சாமர்த்தியம் வந்துவிட்டது. மங்கலான படத்தைக் கொடுத்தால், மேகத்தில் இல்லாத மடிப்பையும் சுருளையும் தானே எழுதிச் சேர்த்துத் தருகிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்று அதைப் போட்டுக்கொள்ளும் ஆசாமிகளுக்குச் சொல்லுகிறோம்: அழகுதான் முக்கியமென்றால் காலண்டர் கடையில் லட்சுமி படமும் அழகாகத்தான் இருக்கிறது. எடுத்த நாள், இடம், கருவி, எத்தனை நிமிஷம், எத்தனை படம், எந்தப் பில்டர், எந்த நிறத்துக்கு எது என்பதைப் படத்துக்குக் கீழே எழுதாதவன் படம் காட்டவில்லை, தரிசனம் கொடுக்கிறான். கேட்டால் மூலப் படங்களை எடுத்துக் கொடுக்க மறுக்கிறவன் பூசாரியாகிவிட்டான் என்றே அர்த்தம்.

"இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, பெரிய வானிலையங்கள் செய்யவேண்டிய காரியம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். 1880-ல் ஓரியன் நெபுலாவை முதல் முதல் படமெடுத்த ஹென்றி டிரேப்பர், நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு வைத்தியர். 11 அங்குலக் கண்ணாடியில் 51 நிமிஷம் காத்திருந்து அவர் எடுத்த படத்தைவிட, இன்று 3 அங்குலக் கண்ணாடியும் கைமாறி வந்த பழைய காமிராவும் கொண்டு ஒரு மாணவன் எடுக்கும் படம் பலமடங்கு அதிகம் காட்டும். அதோடு, ஆண்ட்ரோமிடா மண்டலத்தைப் பெரிய நிலையங்களும் சிறியவர்களும் கணக்கில்லாத தடவை படமெடுத்திருக்க, அதன் பக்கத்திலேயே கிடந்த ஒரு பெரிய பிராணவாயு ஒளிவில்லை ஒருவரும் காணவில்லை. தொழில்முறையில் வானம் பார்க்காத சிலர் 106 மில்லிமீட்டர்க் கண்ணாடியோடு பல இரவு காத்திருந்து அதைக் கண்டு, 2023-ல் வெளியிட்டார்கள். அவர்கள் வைத்திருந்தது மாற்றியமைத்த காமிராவைவிட உயர்ந்த, குளிரூட்டிய காமிரா என்பது மெய். ஆனால் கண்ணாடியின் வாய் ஒரு டம்ளர் வாயைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. அந்த வில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று அறிஞர்களுக்குள் இன்னும் தர்க்கம் நடக்கிறது. நடக்கட்டும், அதுதான் ஆரோக்கியம்.

நமக்கு இதில் வேறொரு பாக்கியமும் உண்டு. தெற்கு வானத்திலுள்ள கரீனா நெபுலா, ஓரியன் நெபுலாவைவிடப் பெரியது. அது ஐரோப்பியர்களுக்குத் தங்கள் ஊரிலிருந்து தெரியாது. நமது ஜில்லாக்களில் தெற்குத் தொடுவானத்துக்கு மேலே ஏறக்குறைய 20 பாகை உயரத்துக்கு வருகிறது. வாசலில் வந்து நிற்கும் இதை நாம் பார்ப்பதில்லை. சனிப்பெயர்ச்சிக்கு மாத்திரம் வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். கோடைக்கானல் மலையில் 1912-ம் வருஷம் முதலே இந்த ஹைட்ரஜன் சிவப்பில் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள் என்பது அந்த மலைக்குப் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே நாம் சொல்லுவது, ஒவ்வொரு வாசகசாலையும், ஒவ்வொரு வாலிபர் சங்கமும், பத்துப்பேர் சேர்ந்து ஒரு பழைய காமிராவையும் ஒரு சிறு கண்ணாடியையும் பீடத்தையும் வாங்கட்டும். ஒருவனாக வாங்க முடியாததைப் பத்துப்பேராக வாங்கலாம். தை, மாசி இரவுகளில் ஊருக்கு வெளியே விளக்கில்லாத இடத்தில் அதை நிறுத்தட்டும். ஆண், பெண், எந்தத் தெருவார் என்கிற பேதமில்லாமல் எல்லோரையும் அழைத்து மிருகசீரிடத்தின் பக்கம் திருப்பட்டும். முதல் மூன்று நிமிஷப் படத்தில் ஒன்றும் தெரியாது. அதையும் ஒளிக்காமல் காட்டட்டும். நூறு படம் சேர்ந்த பிறகு தெரியும் சிவப்பையும் காட்டட்டும். எப்படி வந்தது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லட்டும். சந்தேகப்படுகிறவன் கையிலேயே கருவியைக் கொடுத்து எடுக்கச் சொல்லட்டும்.

ஜாதகக் கட்டத்தோடு வருகிற ஜோசியரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். அவரும் எடுத்தால் அவருக்கும் அதே சிவப்புத்தான் வரும். காமிராவுக்கு அவர்மேல் கோபமில்லை. பிறகு அவரிடம் பணிவாக ஒன்று மாத்திரம் கேட்போம்: "ஐயா, உங்கள் கருவியையும் இப்படியே எங்கள் கையில் கொடுப்பீர்களா?"